பூக்காத செடியின் ஜாதகம்

உ
ஸ்ரீமதுரை,
14-2-1982

சௌபாக்கியவதி மருதாம்பாளுக்கு அண்ணன் ஏகநாதன் ஆசீர்வதித்து எழுதுவது.

இங்கே மிளகு பறிப்பு முடிந்தது. என் வீட்டுக்காரி, உன் நங்கைக்கு மூட்டுவலி தேவலை. மாப்பிள்ளை குப்புசாமிக்கு பாக்டரியில் ஷிப்ட் மாறியதா என்று எழுது.

விஷயத்துக்கு வருகிறேன். நம் பையன் ஹரிதாஸ் லீவு முடிந்து குன்னூருக்கு, டீ ஏலக் கம்பெனி வேலைக்கு வருகிறான். அவனிடம் ஒரு கோணிப்பை கொடுத்தனுப்பியிருக்கிறேன். உள்ளே என்ன என்று நான் அவனிடம் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே. ஆட்டுக்கால் கிழங்கு. முடியோடு வெட்டிய ஆட்டுக்கால் மாதிரியே இருக்கும், பயந்துவிடாதே. நம் வாசல் பலா மரத்தில் அடியிலிருந்து கவை வரைக்கும் ஏறிக் கிடக்கிறதே, அதுதான். வயநாட்டுப் பக்கமிருந்து வரும் வைத்தியர் பார்த்துவிட்டு, "ஏகநாதேட்டா, மருந்தை வாசல்ல வச்சிட்டா ஊரெல்லாம் தேடுறீங்க?" என்றார். மேல் முடியைச் சுரண்டிவிட்டு, நசுக்கி, மிளகும் சீரகமும் தட்டிப்போட்டுக் காய்ச்சி லீலாவதிக்கு வெறும் வயிற்றில் கொடு. உள்ளே அடைத்திருப்பது திறக்குமாம்.

பெண்ணுக்கு இருபது முடிந்துவிட்டது. இன்னும் வயசுக்கு வரவில்லை என்பது உனக்கும் எனக்கும் உன் நங்கைக்கும் மாப்பிள்ளைக்கும்தான் தெரியும். அப்படியே இருக்கட்டும். கிழங்கு கேட்டாலும் சரி, கேட்காமல் போனாலும் சரி, நான் ஒரு முடிவு எடுத்துவிட்டேன். ஆவணியில் ஹரிதாசுக்கும் லீலாவதிக்கும் கல்யாணம். அதற்கு முந்தின நாள், வயசுக்கு வந்ததற்கான தெரட்டிச் சீர். பெண் அப்போதே பெரியவளாகிவிட்டாள், வசதியில்லாமல் சீரைத் தள்ளிப்போட்டோம், இப்போது சேர்த்துச் செய்கிறோம் என்று சொல்லிக்கொள்ளலாம். இப்படி எத்தனை வீட்டில் நடக்கிறது? தாய்மாமன் நான் தட்டு எடுத்து வந்து நின்றால் எவன் வாயைத் திறப்பான்?

அங்காளம்மன் கோயிலில் பூப்போட்டும் கேட்டுவிட்டேன். சீர் செய்யலாமா என்று கேட்டேன். வெள்ளைப்பூ வந்தது. அம்மன் உத்தரவே கிடைத்த பிறகு நீயோ நானோ பேச என்ன இருக்கிறது?

ஹரிதாசுக்கு எதுவும் தெரிய வேண்டாம். கல்யாணத்துக்குப் பிறகு நான் பார்த்துக்கொள்கிறேன்.

அண்ணன்
ஏகநாதன்


மாரியம்மன் துணை
அருவங்காடு,
22-2-1982

அன்புள்ள அண்ணாவுக்கு மருதாம்பாள் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

எதையும் வரவு வைத்துவிட்டுப் பேசுவதுதான் என் வழக்கம். வந்தவை: கோணிப்பையில் கிழங்கு, கருப்பட்டி, நங்கை போட்ட எலுமிச்சை ஊறுகாய். ஊறுகாயையும் கருப்பட்டியையும் எடுத்துக்கொண்டேன். கிழங்கை மருந்தாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

கோணியை அவிழ்த்தது லீலாவதி. ஊட்டியிலிருந்து சாயங்கால ரயிலில் வந்தவள், காலேஜ் பையைக்கூடக் கழற்றாமல் அடுக்களையில் உட்கார்ந்து கிழங்கை எடுத்துத் தடவித் தடவிப் பார்த்தாள். "அம்மா, இதை யாரும்மா அனுப்புனா? எங்க பாட்டனி லேபில இவ்வளவு நல்ல துண்டு கிடையாது" என்றாள். மாமா உனக்கு மருந்துக்கு அனுப்பினார் என்று உள்ளதைச் சொன்னேன். எதற்கு மருந்து என்றும் சொன்னேன். சிரிக்க ஆரம்பித்தாள் அண்ணா. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அதன் பிறகு தண்ணீர் மட்டும் வந்தது.

முகம் கழுவி வந்து எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். இது பெரணி ஜாதி. கிழங்கு என்று நாம் சொல்வது கிழங்கே இல்லை, மரத்தின் மேல் ஊர்ந்து போகும் தண்டு. ஆட்டு முடி என்று நாம் சொல்வது செதில். மரத்தில் இருந்தாலும் மரத்தைச் சப்பிச் சாப்பிடுவதில்லை, சும்மா பிடித்துக்கொண்டு உட்காருகிறது. கோணிக்குள் ஒரு பச்சை இலைத் துண்டும் சேர்ந்து வந்திருந்தது. திருப்பிப் பார்த்தால் அடியில் துரு மாதிரி வரிசை வரிசையாகப் புள்ளி. பூச்சி பிடித்திருக்கிறது என்று முந்தானையால் துடைக்கப் போனேன். "தொடைக்காதேம்மா, அதுதான் அதோட வம்சம்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் புள்ளிக்குள் இருப்பது தூள். காற்றில் பறந்து ஈரமான இடத்தில் விழும். விழுந்த இடத்தில் நகக்கண் அளவுக்கு, அரசிலை வடிவில் ஒரு பச்சைத் துணுக்கு முளைக்கும். அதன் மேல் தண்ணீர் நின்றால்தான் அதிலிருந்து அடுத்த செடி பிறக்கும். பூ கிடையாது. காய் கிடையாது. விதை கிடையாது. உலகத்தில் பூ என்று ஒன்று வருவதற்கு முன்பிருந்தே பெரணி இப்படித்தான் இருக்கிறதாம்.

அண்ணா, மலையில் எத்தனை ஆயிரம் செடி இருக்கிறது. அதில் ஒருநாளும் பூக்காத ஒன்றைப் பார்த்து வெட்டி, என் மகளைப் பூக்க வைக்க அனுப்பியிருக்கிறீர்கள்.

கோயமுத்தூர் டாக்டரம்மா சொன்னதை உங்களிடம் முன்பே சொன்னேன். நீங்கள் காதில் வாங்கவில்லை. கர்ப்பப்பை பிறவியிலேயே வளரவில்லை. அடைத்தது எதுவும் இல்லை, திறப்பதற்கும் எதுவும் இல்லை. மற்றபடி உடம்பு கல்லு மாதிரி இருக்கிறது.

சீர் பற்றி: வேண்டாம். பொய்யாக ஒரு சடங்கை என் வாசலில் நடத்த நான் சம்மதிக்க மாட்டேன். ஹரிதாசிடம் சொல்லாமல் கல்யாணப் பேச்சும் வேண்டாம். ஞாயிறு தவறாமல் வந்து என் கையால் சாப்பிடுகிற பிள்ளை அவன். அவனுக்கு ரசம் ஊற்றிக்கொண்டே அவனை ஏமாற்ற என்னால் முடியாது.

கிழங்கை லீலாவதி ஒரு மரப்பலகையில் கட்டி அடுக்களை ஜன்னலில் தொங்கவிட்டிருக்கிறாள். இந்த ஊர்ப் பனி அதற்கு ஆகாதாம், அடுப்புச் சூடு வேண்டுமாம்.

தங்கை
மருதாம்பாள்


உ
ஸ்ரீமதுரை,
5-3-1982

மருதாம்பாளுக்கு ஏகநாதன் எழுதுவது.

செடி கொடியைப் பற்றி எனக்கு நீ பாடம் எடுக்கிறாய். நான் மண்ணில் நிற்கிறவன். நீ ஜன்னலில் தொங்கவிட்டிருப்பதை நான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். பாதி இலை பச்சை, பாதி இலை செத்துக் காய்ந்து பழுப்பாக மரத்தோடு ஒட்டிக் கிடக்கும். உதிர்ந்தும் தொலையாது. உன் கடிதம் வந்த அன்றே தோட்டத்தில் வேலை செய்கிற லிங்கசாமியை விட்டு மரத்தின் ஒரு பக்கம் அந்தக் காய்ந்த சனியனை எல்லாம் சுரண்டி எடுக்கச் சொன்னேன். மறுபக்கம் ஏறுவதற்குள் அவனுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது.

பொய் என்கிறாய். யாருக்குக் கெடுதல் செய்கிற பொய்? பெண் பிறந்த அன்றைக்கே அவள் என் வீட்டுக்கு என்று அம்மாவிடம் வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கை நான் காப்பாற்றினால் அது பொய்யா? நன்றாக யோசித்துப் பார். நான் எடுக்கவில்லை என்றால் வேறு எவன் எடுப்பான்? நீயும் மாப்பிள்ளையும் காலம் முழுக்க உட்கார்ந்திருப்பீர்களா? காலேஜுக்கு அனுப்பாதே என்று அப்போதே சொன்னேன். அங்கே பெரணிக்கு வம்சம் உண்டு என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். நம் வம்சத்துக்கு வழி சொல்லிக் கொடுத்தார்களா?

இரண்டு விஷயம் செய்தாகிவிட்டது. ஒன்று, பத்திரிகை அச்சடித்தாயிற்று. இதோடு வைத்திருக்கிறேன், எழுத்துப்பிழை இருந்தால் சொல். இரண்டு, ஜோசியரிடம் ருது ஜாதகமும் கணித்து வாங்கிவிட்டேன். பெண்டுகள் கேட்பார்கள் அல்லவா, எந்த நாள், எந்தக் கிழமை, என்ன நட்சத்திரம் என்று? பங்குனி மாதம், வியாழக்கிழமை, ரோகிணி. நல்ல நாளாகப் பார்த்துத்தான் போடச் சொன்னேன். தாலி பாக்கியம் கெட்டி என்று ஜோசியர் சொல்கிறார். இதை மனப்பாடம் செய்து வைத்துக்கொள். எவளாவது கேட்டால் தடுமாறாமல் சொல்ல வேண்டும்.

ஏகநாதன்


மாரியம்மன் துணை
அருவங்காடு,
22-3-1982

அண்ணாவுக்கு,

பத்திரிகைகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். எழுத்துப்பிழை இல்லை. எழுதியிருப்பதே பிழை.

ருது ஜாதகத்தைப் படித்தேன். அழகான கையெழுத்து, ஓரத்தில் மஞ்சள் தடவியிருக்கிறது. ஒருநாளும் நடக்காத ஒன்றுக்கு நாள், கிழமை, நட்சத்திரம். ஒன்பது கிரகத்தையும் கட்டம் கட்டமாக உட்கார வைத்து, நீங்கள் சொன்ன பொய்க்குச் சாட்சி சொல்ல வைத்திருக்கிறீர்கள். சனிக்கிழமை தோறும் நவக்கிரகம் சுற்றுகிறவள் நான். பால் கணக்கில் ஒரு வேளைப் பால் கூடுதலாகப் போட்டால் பால்காரனைக் கூப்பிட்டுத் திருத்துகிறவள். கிரகங்களுக்குப் பொய்க் கணக்கு எழுதிவிட்டு நான் எந்த முகத்தோடு அவற்றைச் சுற்றிவருவேன்? ஒரு பெண்ணை மனைப்பலகையில் உட்கார வைத்து, சுற்றி நிற்கிறவர்கள் "ரோகிணியா? நல்ல நட்சத்திரமாச்சே" என்று சொல்லச் சொல்ல அவள் தலையைக் குனிந்துகொண்டிருப்பதை நினைத்துப் பார்த்தீர்களா? அது அவளுக்கு இல்லாத நாள் அண்ணா. அந்த நாளுக்காக அவள் எத்தனை வருஷம் காத்திருந்தாள் என்று எனக்குத் தெரியும்.

அம்மன் உத்தரவு என்றீர்கள். நானும் அம்மனைக் கும்பிடுகிறவள்தான். நீங்கள் அவளிடம் சீர் செய்யலாமா என்று கேட்டீர்கள். செய் என்றாள். பொய் சொல்லலாமா என்று கேட்டீர்களா? கேட்டிருந்தால் சிவப்பு வந்திருக்கும். அதனால்தான் கேட்கவில்லை.

இப்போது நேற்று நடந்ததைச் சொல்கிறேன். ஹரிதாஸ் வந்து, வழக்கம்போல ஏலக் கம்பெனிக் கதையெல்லாம் பேசிக்கொண்டு சாப்பிட்டான். ஜன்னலைக் காட்டி, "ஏனுங்க அத்தே, எங்க ஊட்டுப் பலா மரத்துச் சனியன் இங்கெதுக்கு?" என்று கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் லீலாவதி சொல்லிவிட்டாள். மருந்துக்கு வந்தது, எனக்கு, இன்னதுக்கு என்று. எல்லாவற்றையும் சொன்னாள். குழந்தை பிறக்காது என்பதையும் சொன்னாள்.

அவன் இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டான். ஊற்றினேன். குடித்துவிட்டு, "நான் யோசிக்கோணும் லீலா" என்றான்.

"யோசிங்க மச்சான். நானும் யோசிக்கோணும். நான் உங்களைக் கட்டிக்கிறனான்னு இதுவரைக்கும் யாருமே என்னைக் கேக்கல. நீங்களும்தான் கேக்கல."

அவன் கைகழுவிவிட்டுப் போய்விட்டான். கோபத்தில் போகவில்லை. யோசிக்க வேண்டும் என்பது நேர்மையான பேச்சு. நம் குடும்பத்தில் இந்த வருஷம் அதைப் பேசிய முதல் ஆண்பிள்ளை உங்கள் மகன்தான்.

ருது ஜாதகத்தைத் திருப்பி அனுப்பவில்லை. அடுப்பில் வைத்தேன்.

மருதாம்பாள்


ஸ்ரீமதுரை,
2-4-1982
(கார்டு)

மருதாம்பாளுக்கு. என் மகனிடம் என்னைத் தலைகுனிய வைத்துவிட்டாய். அவன் என்னிடம் பேசுவதில்லை. இனி உனக்கும் எனக்கும் ஒன்றும் இல்லை. நல்லது கெட்டதுக்கு வரமாட்டேன், கூப்பிடவும் மாட்டேன். பூக்காத செடியை உன் வீட்டு ஜன்னலில் தொங்கவிட்டுக்கொண்டு நீயே பார்த்துக்கொண்டிரு. வயசுக்கு வராத பெண்ணுக்கு வாழ்வு கொடுக்க வந்தவனை விரட்டினாய். பார்க்கிறேன். ஏகநாதன்.


மாரியம்மன் துணை
அருவங்காடு,
18-4-1982

அண்ணாவுக்கு,

ஒன்றும் இல்லை என்று எழுதிய பிறகும் எழுதுகிறேன். பதில் போட வேண்டும் என்பதில்லை.

உறையில் போட்டு ஒட்டக்கூட உங்களுக்குப் பொறுமை இல்லை. கார்டில் எழுதினீர்கள். தபால்காரர் தனசிங் எப்போதும் "மருதக்கா, ஸ்ரீமதுரைல இருந்து மிளகு வாசனை வருது" என்று கேலி பேசிக்கொண்டு கொடுப்பார். அன்றைக்கு என் முகத்தைப் பார்க்காமல் வாசல்படியில் வைத்துவிட்டுப் போனார். அப்போதே தெரிந்துகொண்டேன், பாக்டரி குவார்ட்டர்ஸ் முழுக்கச் செய்தி முன்னால் போய்விட்டது, கார்டுதான் பின்னால் வந்திருக்கிறது என்று.

மறுநாள் குழாயடியில் குடம் வைத்து நிற்கிறேன். பக்கத்து வீட்டு ஜெஸிந்தாதான் மெதுவாக, "மருதக்கா, உங்க அண்ணன் ஏதோ கோவமா எழுதியிருக்காராமே?" என்றாள். வீட்டுக்குப் போய்க் கார்டை எடுத்து வந்தேன். அத்தனை பேர் நடுவிலும் நின்று, முதல் எழுத்திலிருந்து உங்கள் கையெழுத்து வரை, சாமிக்கு மந்திரம் படிப்பது போல உரக்கப் படித்தேன். "எல்லாரும் கேட்டாச்சுங்களா? யாருக்காச்சும் விட்டுப்போச்சுன்னா இன்னொருக்காப் படிக்கறேன்" என்றேன். தபித்தாள் பாட்டி மட்டும், "எனக்குக் காது கேக்காது அம்மிணி, இன்னொருக்காப் படி" என்றாள். மறுபடி படித்தேன். எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியாது, அதோடு நிற்காமல் பெரணியைப் பற்றியும் சொன்னேன். பூக்காமலே கோடி வருஷமாக உலகத்தில் இருக்கிறது, என் மகளும் அப்படித்தான் என்றேன். நெஞ்சை நிமிர்த்திக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

லீலாவதி சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். சாயங்காலம் அவள் வந்ததும் சொன்னேன். செருப்பைக் கழற்றியபடியே நின்றாள்.

"என்னைக் கேட்டியாம்மா?"

"எதை?"

"குழாயடியில என் உடம்பைப் பத்திப் பேசறதுக்கு முன்னாடி. மாமா கார்டுல எழுதுனாரு. நீ வாய்ல சொன்ன. நடுவுல நான் எங்க இருக்கேன்?"

நான் உனக்காகத்தான் சண்டை போட்டேன் என்றேன். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "போட்ட. நல்லாத்தான் போட்ட. ஆனா என்னைச் செடின்னு சொல்லாத. பெரணிக்குப் பூ வேண்டியதே இல்ல, அது அதோட முறை, அதுக்குக் கொறை எதுவும் கெடையாது. எனக்கு அப்படியில்ல. எனக்கு வந்திருக்க வேண்டியது ஒண்ணு வரல. நான் அதுக்கு அழுதாச்சு, முடிச்சாச்சு. நான் பெரணியைப் படிக்கறது எனக்கு அது புடிக்கும்ங்கறதால. எனக்கு ஆறுதல் சொல்லும்னு இல்ல."

அன்றைக்கு இரவு இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. காலையில் நான்தான் போய்த் தலை வாரிவிட்டேன். இனிமேல் கேட்காமல் பேசமாட்டேன் என்றேன். இதை உங்களுக்கு எழுதலாமா என்றும் கேட்டேன். எழுது என்றாள்.

ஆகவே உவமை சொன்னது என் தப்பு. அதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். சொன்ன மறுப்பில் ஒரு எழுத்தைக்கூடத் திருப்பி எடுக்க மாட்டேன். வாழ்வு கொடுக்க வந்தவன் என்று எழுதினீர்கள். அவளுக்கு வாழ்வு இருக்கிறது அண்ணா. தினமும் காலையில் ரயில் பிடித்து அதற்குத்தான் போகிறாள்.

மருதாம்பாள்

கூடலூர் பக்கம் மழை வந்ததா? இங்கே ஒரு சொட்டு இல்லை.


உ
ஸ்ரீமதுரை,
12-7-1982

மருதாம்பாளுக்கு,

மழை வந்ததா என்று கேட்டிருந்தாய். வந்தது. வந்துகொண்டே இருக்கிறது. பாலத்தின் மேல் தண்ணீர் போகிறது, பஸ் இல்லை. வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பதால் எழுதுகிறேன். வேறு காரணம் கற்பித்துக்கொள்ளாதே.

ஹரிதாஸ் போன வாரம் வந்தான். என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டான். "அப்பா, கல்யாணத்துக்கு அப்புறம் பாத்துக்கறேன்னு அத்தைக்கு எழுதுனீங்களாமே. என்ன பாத்துக்கறதா இருந்தீங்க?" நிஜமாகவே நான் அதை யோசிக்கவில்லை. உன் நங்கை உள்ளேயிருந்து, "இன்னொரு கல்யாணம் பண்ணி வெக்கறதா இருந்தாரு, வேறென்ன?" என்று கத்தினாள். நான் அப்படி நினைக்கவில்லை. ஆனால் ஊர் என்னை அங்கேதான் கொண்டுபோய் விட்டிருக்கும் என்பதும் எனக்குத் தெரிந்தது. அவன் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறானாம். அவளும் யோசிக்கிறாளாம். இரண்டு பேரும் குன்னூர் ஸ்டேஷனில் நின்று யோசிப்பதை டீ ஏலத்துக்குப் போன நம் ஊர்க்காரன் ஒருவன் பார்த்திருக்கிறான்.

இன்னொன்று. மழை விட்ட நேரத்தில் வாசலுக்குப் போனேன். பலா மரத்தில் லிங்கசாமி சுரண்டாத பக்கத்தில் பச்சை இலை முழ நீளத்துக்குச் சீப்புப் பல் மாதிரி வெட்டி வெட்டிக் கிளம்பியிருக்கிறது. சுரண்டிய பக்கத்தில் நோஞ்சானாக அங்கொன்றும் இங்கொன்றும். அந்தக் காய்ந்த பழுப்பு இலைக்குள் கையை விட்டுப் பார்த்தேன். மண் இருந்தது அம்மிணி. என் நெஞ்சு உயரத்தில், மரத்தின் மேல், கருப்பாக, ஈரமாக, மண்புழுவோடு மண். உதிர்ந்த சருகையெல்லாம் அந்த இலை கிண்ணம் மாதிரி பிடித்து வைத்திருக்கிறது. செத்த இலை என்றுதான் நான் இத்தனை வருஷம் நினைத்தேன். இதிலிருந்து எனக்கு எந்தப் பாடமும் எடுக்காதே. பார்த்ததைச் சொன்னேன், அவ்வளவுதான்.

நீ செய்தது சரி என்று நான் சொல்லமாட்டேன். பெரியவன் எழுதிய காகிதத்தைக் குழாயடியில் படித்தது மகா தப்பு. ஆனால் ஒன்று மனதை அறுக்கிறது. அம்மன் வெள்ளைப்பூ கொடுத்தாள். பட்டுப்புடவை, வளையல், தட்டு எல்லாம் பெட்டியில் கிடக்கிறது. அவள் பிறந்ததிலிருந்து சேர்த்தது. இந்தச் சீரை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

ஏகநாதன்


மாரியம்மன் துணை
அருவங்காடு,
25-7-1982

அன்புள்ள அண்ணாவுக்கு,

பாடம் எடுக்கவில்லை. எங்கள் பலகையில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். முதலில் காம்பே இல்லாமல் உள்ளங்கை அகலத்தில் ஒரு பச்சை இலை வந்தது. சீக்கிரமே பழுத்துக் காய்ந்துவிட்டது. செத்துப்போயிற்று என்று பிய்க்கப் போனேன். லீலாவதி, "விடும்மா, அதோட வேலையே இனிமேத்தான்" என்றாள். இரண்டு விதமான இலை, இரண்டு வேலை. பழுப்பு இலையில் ஒரு தூள்கூட உண்டாகாது. ஆனால் அது பிடித்து வைக்கும் சருகில்தான் மற்றது பிழைக்கிறது. இப்போது நீளமான பச்சை இலை ஒன்று சுருட்டை அவிழ்க்கிறது. இதில் யார் எந்த இலை என்று நான் சொல்லப் போவதில்லை. எனக்கு ஒருமுறை பட்டது போதும்.

லீலாவதிக்கு மெட்ராசில் எம்.எஸ்ஸி. சேர இடம் கிடைத்துவிட்டது. ஆவணி முதல் வாரம் கிளம்புகிறாள். ஹாஸ்டல். ஹரிதாஸ் ரயிலேற்ற வருவானாம். அதற்கு மேல் நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

சீரை எங்கே வைப்பது என்று கேட்டீர்கள். உங்கள் கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். படித்துவிட்டு ஜன்னல் பலகைக்குத் தண்ணீர் தெளித்தாள். "பொய் இல்லேன்னா உக்காந்துக்கறேம்மா" என்றாள். அம்மன் சீர் செய் என்றாள், எதற்கு என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டுப் பெண் படிக்க ஊர்விட்டு ஊர் போகிறாள். தாய்மாமன் தட்டு எடுத்து வருவதற்கு இது போதாதா?

ஆனால் நிபந்தனை உண்டு. இந்த முறை கேட்டுவிட்டு எழுதுகிறேன், எல்லாவற்றுக்கும் அவள் சம்மதித்திருக்கிறாள். மஞ்சள் நீர் ஊற்றக்கூடாது. நாள் நட்சத்திரம் எதுவும் வாயில் வரக்கூடாது. தட்டு எடுத்து வாசலில் நிற்கும்போது, "எதுக்குங்க இந்தச் சீரு?" என்று ஒருத்தி கேட்காமல் இருக்க மாட்டாள். அதற்கு நான் பதில் சொல்ல மாட்டேன். குப்புசாமியும் சொல்ல மாட்டார். கார்டில் எழுதிய கை உங்களுடையது. பதிலும் உங்கள் வாயிலிருந்து வர வேண்டும், உள்ளது உள்ளபடி, முணுமுணுக்காமல். முடியாது என்று தோன்றினால் வர வேண்டாம். பெட்டியிலேயே இருக்கட்டும். அவள் வெறுங்கையோடு கிளம்பினாலும் நன்றாகத்தான் கிளம்புவாள்.

பட்டு உங்கள் இஷ்டமாம். ஒரு தட்டில் மட்டும் பழத்துக்குப் பதிலாக நல்ல கைலென்சு ஒன்று வேண்டுமாம், இலைக்கு அடியில் பார்க்கிறதற்கு.

தங்கை
மருதாம்பாள்


ஸ்ரீமதுரை,
3-8-1982
(கார்டு)

உ. சௌபாக்கியவதி மருதாம்பாளுக்கு அண்ணன் ஆசீர்வாதம். வேண்டுமென்றேதான் கார்டில் எழுதுகிறேன். தனசிங், நீயும் நன்றாகப் படித்துக்கொள், குழாயடி வரைக்கும் சொல். எங்கள் லீலாவதி வயசுக்கு வரவில்லை, வரவும் மாட்டாள். அவள் மெட்ராசுக்குப் படிக்கப் போகிறாள். தாய்மாமன் ஏகநாதன் ஆவணி முதல் வெள்ளிக்கிழமை சீர் கொண்டு வருகிறேன். இவ்வளவுதான் பதில். வாசலிலும் இதையேதான் சொல்வேன். குரல் கம்மினால் உன் நங்கை சத்தமாகச் சொல்வாள், அவளுக்கு அது கஷ்டமில்லை. கைலென்சு கோயமுத்தூரில் சொல்லியிருக்கிறேன். பலா மரத்துச் சுரண்டாத பக்கத்திலிருந்து ஒரு துண்டு கொண்டு வருகிறேன், அவள் ஹாஸ்டல் ஜன்னலுக்கு. பழுப்பு இலையைப் பிய்க்காமல் கட்டச் சொல்லி லிங்கசாமியிடம் சொல்லியிருக்கிறேன். ஏகநாதன்.